மாரியும் கச்சானும் தாங்கும் வேலை மேசை: வீட்டிலேயே செய்யும் முறை

மட்டக்களப்பில் வீட்டுத் தேவைக்கு ஒரு வேலை மேசை செய்ய நினைப்பவர், வாளையும் உளியையும் எடுப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை நீளும் மாரியில் வாவிக்கரைக் காற்று முழுவதும் ஈரமாக இருக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று, தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு, காய்ந்த சூடாக நம் பக்கம் வந்து சேர்கிறது. மரம் ஈரத்தை வாங்கினால் அகலத்தில் பருக்கும், ஈரத்தை இழந்தால் அகலத்தில் சுருங்கும். நீளத்தில் ஏற்படும் மாற்றமோ கவனிக்க வேண்டிய அளவுக்கு இராது. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேசையின் ஒவ்வொரு மூட்டையும் தீர்மானித்தால், சாதாரணக் கருவிகளோடு முதன்முறை வேலை செய்பவரும் பல ஆண்டுகள் ஆடாமல் நிற்கும் மேசையைச் செய்துவிடலாம்.

ஆரையம்பதியில் என் வீட்டுப் பின்சாய்ப்பில் நான் செய்த முதல் மேசை ஓர் ஆண்டு கூட முழுதாக நிற்கவில்லை. மார்கழியில், மழைக்குள் நின்று வாங்கிய ஈரப் பலகைகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பசையிட்டு, இரண்டு ஓரங்களிலும் மூன்று அங்குல ஆணிகளை இறக்கினேன். அடுத்த ஆடியில் ஒரு மத்தியானம் சாய்ப்பிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது நடுப்பலகை முக்கால்வாசி நீளத்துக்கு வெடித்திருந்தது, வெடிப்புக்குள் ஒரு ரூபாய்க் குற்றி நிற்கும் அளவுக்கு இடைவெளி. அயலில் இருந்த வயதான ஓடாவியார் (தச்சர்) வந்து, வெடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “மனே, இது மாரியில வாங்கின பலகைதானே?” என்று மட்டும் கேட்டார். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பின்னர் அவரிடமும் வேலையிலும் கற்றது.

மரத்தைத் தேர்தல்

முதிரையும் பாலையும் நம் காடுகளின் உறுதியான மரங்கள். கறையானுக்கும் எளிதில் இடங்கொடாதவை. ஆனாலும் ஒரு வேலை மேசைக்கு அவை தேவையில்லை என்பதே என் கருத்து. விலை அதிகம் என்பது ஒரு காரணம். அவற்றின் வன்மை கைவாளையும் சீவுளியையும் மிக விரைவில் மழுங்கச் செய்யும் என்பது இன்னொன்று. முதிரைத் தூள் சிலருடைய தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்குவதும் உண்டு. மாமரமும் இறப்பர் மரமும் மலிவு, சீவுவதற்கும் இலகு, ஆனால் மருந்தூட்டாவிட்டால் வண்டு துளைத்து உழுத்துப்போகும். தென்னையின் வெளிப்புறம் இரும்பைப் போன்றது, உட்புறம் மென்மையானது. ஒரே சட்டத்தின் இரு பக்கங்கள் இரண்டு விதமாக இருப்பதால் மூட்டு வெட்டுவது புதியவருக்குச் சிரமம்.

இவற்றுக்கிடையே வேம்பு நல்ல நடுவழி. வளவுக்கு வளவு நிற்கும் மரம் என்பதால் மரக்காலைகளில் தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது, பூச்சியை ஓரளவு தாங்குகிறது, பாரமும் போதுமானது. அதன் நார் ஒரு பக்கமாக மட்டும் ஓடாமல் பின்னிக்கிடப்பதால் சீவும்போது ஆங்காங்கே பெயர்ந்து வரும் என்பது மட்டுமே அதன் குறை. சீவுளி அலகை நன்றாகத் தீட்டி, மிக மெல்லிய சீவலாக எடுத்தால் அந்தக் குறை பெரும்பாலும் அடங்கிவிடும். தேக்கு கிடைத்து விலையும் ஒத்துவந்தால் அது இன்னும் சிறந்தது. தேக்கு பருத்துச் சுருங்குவது குறைவு.

மரம் வாங்கும்போது பற்றுச்சீட்டைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வழியில் மறித்துக் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். சொந்த வளவில் நிற்கும் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்குச் சட்டப்படி அனுமதி வேண்டும். வேறு மரமாயினும் தறித்து வண்டியில் ஏற்றுவதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பலகையைக் கண்ணால் பார்த்தே பாதிக் குறையைக் கண்டுபிடிக்கலாம். ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் கண்ணருகே உயர்த்தி, விளிம்பு வழியே பார்த்தால் வளைவு தெரியும். முறுக்கைக் காண, நேரான இரண்டு சலாகைகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, முன்சலாகையின் மேல்விளிம்பால் பின்சலாகையை மறைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் எட்டிப்பார்த்தால் பலகை முறுகியிருக்கிறது. சிறிய வளைவைச் சீவி எடுத்துவிடலாம், முறுக்கைச் சீவி எடுப்பதற்குள் பலகையே தேய்ந்துவிடும், ஆகவே அதை வாங்க வேண்டாம். மரத்தின் நடுத்தண்டு ஓடும் துண்டையும் ஒதுக்கிவிடுங்கள். அது எப்படியும் வெடிக்கும்.

காயவிடுதல்

ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது ஓடாவிமார் சொல்லும் பழைய கணக்கு. நம் வெயிலுக்கு அவ்வளவு காலம் பெரும்பாலும் தேவைப்படாது, என்றாலும் அன்று அறுத்த மரத்தில் அன்றே மேசை செய்ய முடியாது. மரக்காலையில் ஏற்கெனவே பல மாதம் அடுக்கிக் கிடந்த பலகையைக் கேட்டு வாங்கி, வீட்டிலும் சில வாரம் கூரைக்குக் கீழே வைத்துக் காயவிடுவதே நடைமுறைக்கு ஏற்றது. மாரி முடிந்து மாசி பங்குனியில் வாங்கி அடுக்கிவிட்டால், சித்திரை வருடப்பிறப்புக்குப் பின் வேலையைத் தொடங்கலாம்.

அடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஓர் அங்குலக் குறுக்குக் கட்டைகளை வைத்து, அடுத்த அடுக்கின் கட்டைகள் கீழ் அடுக்கின் கட்டைகளுக்கு நேர் மேலே வருமாறு அடுக்க வேண்டும். கட்டைகள் விலகினால் பலகை அங்கேயே வளைந்து காய்ந்துவிடும். நேர் வெயிலும் கச்சானும் படும் இடத்தில் வைத்தால் முனைகள் உடம்பை விட வேகமாகக் காய்ந்து பிளக்கும் என்பதால், வெட்டுமுனைகளுக்குப் பழைய பெயின்ற்றைத் தடிப்பாகப் பூசிவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று அறிய கருவி எதுவும் வேண்டியதில்லை. முனையிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டை வெட்டி, அதே அடுக்கின் மேல் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். சிறு துண்டு விரைவாகக் காயும் என்பதால் அதன் பாரம் குறைவது நின்ற பின்னரும் பலகைக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் கொடுத்தால் போதும்.

அளவுகள்

இங்கு சொல்லும் மேசையின் மேற்பரப்பு 5 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்டது. உயரம் 34 அங்குலம். கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றால் மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே நின்று சீவுவதற்கும் அறுப்பதற்கும் ஏற்ற உயரம், ஆகவே உங்கள் உடம்புக்கு ஏற்பக் கால்களின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓடாவிமார் வழக்கப்படி அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்று சொல்கிறேன்.

கால்களுக்கு 3 அங்குலச் சதுரச் சட்டம் 6 அடியில் இரண்டு. குறுக்கு, நெடுக்குச் சட்டங்களுக்கு நாலுக்கு இரண்டு அங்குல மரம் 12 அடியில் இரண்டு. மேற்பலகைக்கு 6 அங்குல அகலம், 2 அங்குலத் தடிப்புள்ள பலகை ஐந்தரை அடியில் நான்கு. கீழ்த்தட்டுக்கு 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பில் 4 அடிப் பலகை இரண்டு. சீவிய பின் 3 அங்குலச் சட்டம் ஏறத்தாழ இரண்டே முக்காலாகவும், நாலுக்கு இரண்டு மூன்றே முக்காலுக்கு ஒன்றே முக்காலாகவும், மேற்பலகை ஒன்றரை அங்குலமாகவும் குறையும். கீழே தரும் அளவுகள் சீவிய பின்னுள்ளவை.

கால்கள் நான்கும் 32½ அங்குலம், ஆனால் முதலில் 33½ ஆக அறுத்து வையுங்கள். அந்த மேலதிக அங்குலத்தின் காரணம் பின்னால் வரும். குறுக்குச் சட்டங்கள் நான்கும், காலின் துளைக்குள் நுழையும் ஒடுக்கிய முனைகளான கழுந்துகளோடு சேர்த்து 17½ அங்குலம். நெடுஞ்சட்டங்கள் மூன்று, ஒவ்வொன்றும் 48 அங்குலம். மேற்பலகையைத் தாங்கும் நடுத்தாங்கிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 22 அங்குலம். ஒரு 12 அடி மரத்தில் இரண்டு நெடுஞ்சட்டமும் இரண்டு தாங்கியும், மற்றதில் ஒரு நெடுஞ்சட்டமும் நான்கு குறுக்குச் சட்டமும் அடங்கும்.

போல்ட்டுகள் மூன்று நூல் பருமன், நாலரை அங்குல நீளம், உருண்டைத் தலை, பன்னிரண்டு. இதில் மட்டும் காசைப் பார்க்காமல், துரு பிடிக்காதபடி நாகம் (துத்தநாகம்) பூசியதையே வாங்குங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையே இருக்கும் நம் ஊர்களில் வெறும் இரும்புப் போல்ட் இரண்டு மாரிக்குள் நட்டோடு ஒட்டிப்போய்விடும், பிறகு கழற்ற வாளால் அறுக்கத்தான் வேண்டும்.

பக்கச் சட்டகம்

மேசையை இரண்டு பக்கச் சட்டகங்களாகவும் அவற்றை இணைக்கும் நெடுஞ்சட்டங்களாகவும் பிரித்துப் பாருங்கள். பக்கச் சட்டகம் என்பது இரண்டு கால்களும் அவற்றுக்கிடையே மேலும் கீழும் இரண்டு குறுக்குச் சட்டங்களும் கழுந்தும் துளையுமாகப் பசையிட்டு நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. நெடுஞ்சட்டங்கள் போல்ட்டினால் மட்டுமே பூட்டப்படும். வளவுக்குள் வெள்ளம் ஏறும் ஒரு மாரியில் மேசையைக் கழற்றி வாசலால் உள்ளே கொண்டுபோகலாம் என்பதும், கச்சானில் சட்டம் சுருங்கித் தளரும்போது நட்டை இறுக்கினாலே போதும் என்பதும் இந்த அமைப்பின் நன்மைகள்.

நான்கு கால்களையும் அருகருகே படுக்கவைத்து, மூலைமட்டத்தைப் பிடித்து எல்லாவற்றுக்கும் ஒரே கோடாக இழுங்கள். ஒவ்வொன்றாக அளந்தால் ஒவ்வொன்றும் ஒரு நூல் வேறுபடும். காலின் உண்மையான மேல்முனைக் கோட்டிலிருந்து கீழே மூன்றே முக்கால் அங்குலம் வரை மேற்குறுக்குச் சட்டம் வரும். கீழ்க்குறுக்குச் சட்டத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து 10 அங்குலத்தில் வரும்.

கழுந்தின் தடிப்பு, உங்களிடம் இருக்கும் நாலு நூல் உளியின் அகலமே. சட்டத்தின் முனையிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் நான்கு பக்கமும் சுற்றிக் கோடிட்டு, தடிப்பின் நடுவே நாலு நூலை விட்டு இரு பக்கமும் வாளால் எடுத்துவிடுங்கள். மேலே ஆறு நூலும் கீழே நாலு நூலும் குறைத்தால் கழுந்தின் அகலம் இரண்டரை அங்குலமாக நிற்கும். வாள் எப்போதும் கோட்டின் கழிவுப் பக்கத்திலேயே ஓட வேண்டும்.

துளையை முதலில் வெட்டி, கழுந்தை அதற்கு ஏற்பச் சீவுவதே சரியான ஒழுங்கு, ஏனெனில் கழுந்தைக் குறைப்பது சுலபம், துளையைக் குறைக்க வழியில்லை. துளைக்குரிய இடத்தில் வரிசையாகத் துளையிட்டு ஒன்றரை அங்குலத்துக்கு அரை நூல் கூடுதலான ஆழத்துக்குக் கழிவை எடுத்துவிட்டு, பிறகு உளியால் சுவர்களைச் செங்குத்தாக்குங்கள். கொட்டாப்பிளியால் (மரச்சுத்தியலால்) உளியில் அடிக்கும்போது நார் நீளவாக்கில் பிளக்கப் பார்க்கும். காலின் தலையில் விட்ட மேலதிக அங்குலம் அந்தப் பிளவைத் தடுத்துக்கொள்ளும். சட்டகம் பூட்டிப் பசை காய்ந்த பின்பே அதை அறுத்துவிட வேண்டும்.

கழுந்து கையழுத்தத்தில் பாதி தூரம் போய், மீதிக்குக் கொட்டாப்பிளியின் சிறு தட்டு கேட்டால் அளவு சரி. கையாலேயே முழுதும் போனால் தளர்வு. ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால் கால் பிளக்கும். தளர்ந்துவிட்ட கழுந்தின் இரு பக்கமும் மெல்லிய சீவலைப் பசையிட்டு ஒட்டி, காய்ந்த பின் மறுபடி சீவிப் பொருத்தலாம். பசையை அள்ளி நிரப்பி இடைவெளியை மூடுவது மூட்டாகாது.

பசையிடுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே பூட்டிப் பாருங்கள். பிறகு துளையின் சுவர்களிலும் கழுந்திலும் மரப்பசையைப் பூசிப் பூட்டி, கிளாம்ப் இருந்தால் இறுக்குங்கள். இல்லையென்றால் தோணி கட்டும் கயிற்றை இரண்டு கால்களையும் சுற்றிக் கட்டி, நடுவே ஒரு தடியைச் செருகி முறுக்கினால் அதே இறுக்கம் கிடைக்கும். இறுக்கியவுடன் சட்டகத்தின் இரு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் சட்டகம் சதுரம். ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலையைத் தட்டி உள்ளே தள்ளுங்கள். ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள்.

நெடுஞ்சட்டங்களைப் பூட்டுதல்

இரண்டு மேல் நெடுஞ்சட்டங்களும் கால்களின் வெளிப்பக்கத்தில், மேற்குறுக்குச் சட்டத்துக்குச் சரி கீழே, அதாவது காலின் தலையிலிருந்து மூன்றே முக்கால் அங்குலத்தில் தொடங்கி வரும். அந்த இடத்தில் காலில் ஆறு நூல் ஆழமான காடி ஒன்றை வெட்டி அதற்குள் சட்டத்தை உட்காரவைக்க வேண்டும். காடி இல்லாமல் போல்ட் மட்டும் போட்டால் மேசையின் பாரம் முழுவதும் போல்ட்டில் தொங்கும், துளை நாளடைவில் நீள்வட்டமாகி மேசை ஆடத் தொடங்கும். காடி வெட்டினால் பாரம் மரத்தின் தோளில் இறங்குகிறது, போல்ட்டுக்கு இறுக்கிப் பிடிக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. மேசை ஆடாமல் நிற்பது இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது என்பதால் அரை நாள் கூடுதலாகச் செலவானாலும் அவசரப்படாதீர்கள். இரு ஓரங்களையும் வாளால் அறுத்து, நடுவிலும் இரண்டு மூன்று அறுவைகள் போட்டு, உளியால் இரு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி எடுத்தால் ஓரம் பெயராது.

மூன்றாவது நெடுஞ்சட்டம் பின்கால்களில், தரையிலிருந்து 11 அங்குலத்தில் அதன் கீழ்விளிம்பு வருமாறு இதே முறையில் அமையும். முன்பக்கம் கீழே சட்டம் வேண்டாம், நிற்பவரின் கால் உள்ளே போக இடம் வேண்டும்.

சட்டங்களைக் காடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டத்தையும் காலையும் ஒன்றாகவே துளையுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு போல்ட், எதிரெதிர் மூலைகளில், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே வர வேண்டும். தலை வெளியேயும் வாசரும் நட்டும் உள்ளேயும் இருக்கட்டும். நடுத்தாங்கிகள் இரண்டையும் மேல் நெடுஞ்சட்டங்களின் மேல் குறுக்காக நிறுத்தி, சிறிய எல் வடிவத் தகடுகளால் பிடித்துவிடுங்கள். அளவுகள் பிசகாதிருந்தால் தாங்கிகளின் மேல்விளிம்பும் மேற்குறுக்குச் சட்டங்களும் கால்களின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கும். எங்காவது அரை நூல் உயர்ந்திருந்தால் சீவிவிடலாம்.

மேற்பலகை

என் முதல் மேசை வெடித்தது மேற்பலகையில். நான்கு பலகைகளையும் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றும் தன்பாட்டில் பருத்துச் சுருங்க விடுங்கள். கச்சான் காலத்தில் பூட்டினால் பலகைகளுக்கிடையே ஒரு நூல் இடைவெளி விடுங்கள், மாரியில் அது தானாக அடையும். ஈரமான காலத்தில் பூட்ட நேர்ந்தால் நெருக்கியே வையுங்கள், ஆடியில் இடைவெளி தானாகத் தோன்றும்.

மேலிருந்து ஆணி அடிக்க வேண்டாம். ஆணித்தலை பின்னாளில் சீவுளி அலகை உடைக்கும். குறுக்குச் சட்டங்களிலும் தாங்கிகளிலும் கீழிருந்து மேல்நோக்கி நாலு நூல் துளையை இரண்டேகால் அங்குல ஆழத்துக்குப் போட்டு, மீதியுள்ள ஒன்றரை அங்குலத்தில் திருகாணிக்கான சிறு துளையைப் போடுங்கள். இரண்டரை அங்குலத் திருகாணி அதன் வழியே ஏறி மேற்பலகைக்குள் ஓர் அங்குலம் பிடிக்கும். ஒரு பலகைக்கு ஒவ்வொரு தாங்கியிலும் இரண்டு திருகாணி: ஒன்றின் துளை திருகாணிக்குச் சரியான அளவிலும், மற்றதன் துளை பலகையின் அகலவாக்கில் ஒரு நூல் நீட்டப்பட்டும் இருக்க வேண்டும். நீட்டிய துளையில் திருகாணிக்கு வாசர் போட்டு, முழுதும் நெரிக்காமல் இறுக்குங்கள்.

பலகைகள் பூட்டிய பின் மேற்பரப்பை மூலைவாட்டாகச் சீவி, நேரான சலாகையை வைத்துப் பார்த்து மேடுகளை எடுத்து, முதலில் 80, பிறகு 120 இலக்கச் சாண்ட் பேப்பரால் நார் போகும் திசையில் தேய்த்தால் போதுமானது. வேலை மேசை கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தால் அதன் மேல் வைத்த பொருள் வழுக்கும். கீழ்த்தட்டுப் பலகைகள் கீழ்க்குறுக்குச் சட்டங்களின் மேல் சும்மா கிடக்கலாம்; கருவிப்பெட்டி போன்ற பாரமானவற்றை அதில் வைத்தால் மேசை இன்னும் அசையாமல் நிற்கும்.

கால்களும் பூச்சும்

சாய்ப்பின் சீமெந்துத் தரை எங்கும் ஒரே மட்டமாக இராது. மேசையை நிற்கும் இடத்தில் வைத்து, கால்களுக்கடியில் ஆப்பு வைத்து மட்டத்தைச் சரிசெய்யுங்கள். எந்தக் காலுக்கடியில் இடைவெளி அதிகமோ அந்த இடைவெளியின் தடிப்புள்ள கட்டையொன்றில் பென்சிலை வைத்து, நான்கு காலையும் சுற்றித் தரையோடு கோடிட்டு, கோட்டில் அறுத்தால் நான்கும் சமமாக ஊன்றும்.

கறையான் ஏறுவதும் நீர் ஏறுவதும் காலின் அடிமுனை வழியே. கால்களை ஒவ்வொன்றாக மரப்பாதுகாப்பு மருந்து ஊற்றிய தகரப் பேணிக்குள் சில மணிநேரம் நிறுத்தி, முனை குடிக்கும் வரை குடிக்கவிடுங்கள். அந்த வேலைக்குக் கையுறை அவசியம், பிள்ளைகள் அருகில் வரக்கூடாது. காய்ந்த பின் ஒவ்வொரு காலுக்கடியிலும் ஒரு தடித்த இறப்பர்த் துண்டை வையுங்கள்.

மேற்பரப்புக்கு வாணிஷை விட ஆளிவிதை எண்ணெயையே நான் விரும்புகிறேன். வாணிஷ் கீறினால் சுரண்டித் திரும்பப் பூச வேண்டும்; எண்ணெய் மங்கினால் மேலே இன்னொரு கை பூசினால் முடிந்தது. மேற்பலகையின் மேலும் கீழும் ஒரே அளவு பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் வேகமாக ஈரம் வாங்கிப் பலகை கிண்ணம் போல வளையும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அவை உள்ளுக்குள் சூடேறித் தாமாகவே தீப்பற்றக்கூடும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்ட பிறகே எறிய வேண்டும்.

மேசை செய்த முதல் ஆண்டில், ஆடி மாதம் ஒருமுறை பன்னிரண்டு நட்டுகளையும் இறுக்கிவிடுங்கள். என் இரண்டாவது மேசையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைச் சுற்று உள்ளே போனது; மறு ஆண்டு அதிற் பாதிகூட இல்லை. அதற்குரிய ஸ்பானரைப் பின்காலின் உட்பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.